திடீர்ப் பயணத்துக்கு மூன்று வாரம்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தென்கிழக்கே கொல்லிமலை தெரியும். ராசிபுரத்தில் இது ஒரு பெருமையில்லை. இந்த ஊரில் எந்த மாடியில் ஏறினாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படத்தான் செய்யும். மழைக்காலத்தில் மலையின் மேற்பாதியை மேகம் எடுத்துக்கொண்டு போய்விடும். வெயில் காலத்தில் வெளுத்துப்போன நீலத்தில் ஒரு நீண்ட கோடு, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் அதன் அடிவாரம். அப்படியிருந்தும் நானும் என் மனைவியும் சேர்ந்து அந்த மலைக்குக் கடைசியாகப் போனது 1996 ஆடி மாதத்தில்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நண்பர்கள் வட்டத்தில் நான் ஒரு 'திடீர்ப் பயணக்காரன்' என்று பெயரெடுத்தவன். அந்தப் பெயரை எனக்கு நானே சூட்டிக்கொண்டு ஊரில் பரப்பியவனும் நான்தான். திருமணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே "கிளம்பு, ஏற்காடு போகலாம்" என்பேன். இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுவோம். ஒகேனக்கல் அப்படித்தான் போனோம். மேட்டூருக்கு ஒருமுறை, வீட்டுக்கு வந்த விருந்தாளியையும் அழைத்துக்கொண்டு போனோம். திட்டம் போட்டுப் பயணம் போகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு மெல்லிய இளக்காரம் இருந்தது. கால அட்டவணையும் கைப்பையுமாக அலைகிறவர்கள் எதைக் காணப்போகிறார்கள் என்று இலக்கியக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

2015-இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. அதன் பிறகு எட்டு ஆண்டுகள் படுக்கை. 2023 மாசியில் போய்ச் சேர்ந்தார். அந்த எட்டு ஆண்டுகளில் நானும் மனைவியும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வெளியே இருந்தது மகளின் திருமணத்தன்று மட்டும்தான். அன்றும் மண்டபம் எதிர்த் தெருவில். அம்மா போன பிறகு தடை ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் எங்கும் போகவில்லை. கதவைத் திறந்துவிட்ட பிறகும் கூண்டுக்குள்ளேயே இருக்கும் கிளியைப் பற்றிச் சொல்வார்களே, அப்படியெல்லாம் கூட இல்லை. போகத் தோன்றவில்லை. மாலையானால் இருவரும் கூடத்தில் அமர்ந்து, அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். கட்டிலை எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது.

ஒரு நாள் மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவள், கொடியைப் பிடித்தபடி தென்கிழக்கே பார்த்து, "அங்க மழை பெய்யுதுங்க போல" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்றிரவு நான் முடிவு செய்தேன். ஒரு திடீர்ப் பயணம். பழையபடி, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது "கிளம்பு" என்று சொல்ல வேண்டும்.

முதலில் என் கற்பனை கொல்லிமலையோடு நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சினிமாக்காரர்கள் நம் மூளைக்குள் ஒரு சாலையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு, நடுவில் கறுப்பாக வளைந்து போகும் தார்ச்சாலை, முன்னிருக்கையில் இருப்பவளின் கூந்தல் காற்றில் பறக்கும். கொங்கணக் கரை, கோவா என்றெல்லாம் இரண்டு நாள் வரைபடம் பார்த்தேன். எங்கள் கார் மாருதி 800. அதற்கும் வயது இருபதைத் தாண்டிவிட்டது. அதைக் கோவாவுக்கு ஓட்டிக்கொண்டு போவது காதலில் சேராது, வன்முறையில் சேரும். தவிர, அவள் பார்த்தது கடலையல்ல.

அப்புறம் ஒரு பழைய நோட்டை எடுத்துத் தேவையானவற்றை எழுதத் தொடங்கினேன். இரண்டு வரியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பெட்ரோல். தங்க ஓர் இடம்.

மூன்று வாரத்தில் அது நாலு பக்கம் ஆயிற்று. பால்காரரிடம் இரண்டு நாளைக்கு வேண்டாமென்று சொல்ல வேண்டும். செய்தித்தாள். நகராட்சித் தண்ணீர் எந்தக் கிழமை வரும், அன்று யார் பிடித்து வைப்பது? சாவியை எந்த வீட்டில் கொடுப்பது? வெள்ளிக்கிழமை விளக்கு. குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் மாவு. துளசிக்குத் தண்ணீர். அவளுடைய இரத்த அழுத்த மாத்திரை எது, எத்தனை மணிக்கு? மூட்டுவலித் தைலம். மலையில் குளிருமே, போர்வை எந்த அலமாரியில்? தேடினேன், கிடைக்கவில்லை, கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வளைவுப் பாதையில் அவளுக்குத் தலைசுற்றி வாந்தி வரும் என்பது இரண்டாம் வாரத்தில்தான் நினைவுக்கு வந்தது. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம். அதில் வளைவுகள் குறைவு. முள்ளுக்குறிச்சி என்று எழுதி அடிக்கோடிட்டேன். நாலு எலுமிச்சம்பழம் வாங்கி காரின் முன் அறையில் ஒளித்து வைத்தேன்.

இந்த நாலு பக்கத்தையும் ஒருநாள் இரவு படித்துப் பார்த்தபோதுதான் மனத்தில் ஒரு கணக்கு உறைத்தது. அந்த இருபது நிமிடம். ஏற்காட்டுக்கும் ஒகேனக்கல்லுக்கும் நான் "கிளம்பு" என்று சொன்ன பிறகு கழிந்த இருபது நிமிடம். அந்த நேரத்தில் நான் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே யாரோ இந்த நாலு பக்கத்தையும் செய்து முடித்திருக்கிறார்கள்.

சங்கப் பாட்டில் இதற்கு ஒரு துறையே இருக்கிறது: உடன்போக்கு. தமிழில் காதலர் இருவர் மேற்கொள்ளும் முதல் சாலைப் பயணம் அதுதான். ஊர் உறங்கும்போது தலைவியும் தலைவனும் கிளம்பிவிடுவார்கள். செவிலி புலம்புவாள், நற்றாய் அழுவாள், வழியில் எதிர்ப்பட்டவர்கள் அவர்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். கல்லூரிக் காலத்திலிருந்து இந்தப் பாடல்களை ஏதோ ஒரு வேகத்தின், துணிவின் கவிதையாகவே படித்து வந்திருக்கிறேன். ஆனால் எந்த உடன்போக்கும் திடீரென்று நடப்பதில்லை. தோழி இருக்கிறாள். தலைவனிடம் பேசுவது, தலைவியை ஒப்பவைப்பது, நாள் குறிப்பது, விடியலில் அழைத்து வந்து கையில் ஒப்படைப்பது எல்லாம் அவள் வேலை. அவர்கள் போனபின் வீட்டாரின் கோபத்துக்கு முகங்கொடுக்க ஊரிலேயே நிற்பவளும் அவள்தான். உரையாசிரியர்கள் இதையெல்லாம் துறைக் குறிப்பில் முறையாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் குறிப்பை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் படித்தவன். என் வீட்டில் தலைவியும் தோழியும் ஒருத்தியே என்பதைக் கண்டுபிடிக்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ஆடி பிறந்தால் பதினெட்டாம் பெருக்கும் வல்வில் ஓரி விழாவும் வந்து மலை நிரம்பிவிடும் என்பதால் அந்தத் தேதி. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இயல்பாகச் சொல்வதுபோல, "கிளம்பு, சும்மா கொல்லிமலை வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வரலாம்" என்றேன். குரல் சற்று நடுங்கியது என்று நினைக்கிறேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பால்காரர் நேத்தே கேட்டாருங்க, ரெண்டு நாளைக்கா மூணு நாளைக்கான்னு" என்றாள்.

பரணிலிருந்து ஒரு ரெக்சின் பையை எடுத்துத் தரச் சொன்னாள். அந்தப் பையை நான் அறிவேன். ஒன்றரை வருடமாக அங்கேதான் இருந்தது. யாருக்காவது கொடுப்பதற்காக எடுத்து வைத்த அம்மாவின் சேலைகள் என்று நானாக நினைத்துக்கொண்டு, அதைத் தொடாமலே இருந்தேன். "அது அம்மா சேலை இல்லையா?" என்றேன். "இல்லைங்க" என்றாள். பையைத் துடைத்துக் காரில் வைத்தாள். இருபது நிமிடம் ஆகவில்லை.

முள்ளுக்குறிச்சிப் பக்கம் திருப்பப் போனேன். "காரவள்ளி வழியாவே போங்க" என்றாள். வாந்தி வருமே என்றதற்கு, "வந்தா வரட்டும்" என்று பதில். பேளுக்குறிச்சி வழியாகப் போனோம். அங்கே மிளகும் சீரகமும் கடுகும் மொத்தமாக விற்கும் சந்தை பேர்போனது. என் அம்மா ஆண்டுக்கு ஒருமுறை போய் மூட்டையோடு வருவார். சாலையோரத்து ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் மாவு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. அந்த மரவள்ளியில் ஒரு பங்கு கொல்லிமலையிலிருந்தும் இறங்கி வருகிறது. மலையில் சாமையும் தினையும் விளைந்த காடுகள் பல, இந்த ஆலைகள் தரும் காசுக்காக மரவள்ளிக்கு மாறின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டு வருகிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எங்கள் ஊர்க் கடைகளிலும் சாமைக்கு ஒரு மவுசு வந்தது. இதையெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே அவளிடம் விரிவுரையாக ஆற்றினேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் நான் அதிகம் பேசுவேன்.

காரவள்ளியைத் தாண்டியதும் முதல் வளைவின் பலகை. 1/70. அங்கிருந்து எண்கள் ஏறிக்கொண்டே போகும். இந்தச் சாலையில் வேகம் என்பதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, முதல் கியருக்கு இறங்கி, மேலேயிருந்து பேருந்து வருகிறதா என்று பார்த்து, சக்கரத்தை முழுக்க ஒடித்துத் திரும்ப வேண்டும். திரும்பிய மாத்திரத்தில் அடுத்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை முறை. எங்கள் கிழட்டு மாருதிக்கு ஒரு லாரி ஒதுங்கி நின்றபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. இருபதுக்கு மேல் காற்று மாறிற்று. முப்பதுகளில் எங்கோ நிறுத்தச் சொன்னாள். எலுமிச்சம்பழத்தை எடுக்கக் கை நீட்டினேன். அவள் மடியிலேயே ஒன்று இருந்தது. வாந்தியெல்லாம் இல்லை. கீழே பார்க்க வேண்டுமாம். நாங்கள் வந்த சாலை, யாரோ அவிழ்த்துப் போட்ட பாவாடை நாடாவைப்போல மடிப்பு மடிப்பாகக் கிடந்தது.

மேலே போனபின் நான் எழுதி வைத்த வரிசைப்படி எதுவும் நடக்கவில்லை. செம்மேட்டில் ஓரியின் சிலையை ஒரு பார்வை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியவனாக வன்பரணர் பாடும் வள்ளல் அவன். "அஞ்சையும் ஒருத்தரே சாப்பிட முடியுங்களா" என்று கேட்டாள். சோளக்காட்டில் பலாப்பழம் மலையாகக் குவிந்திருந்தது. நற்றிணை பாடிய காலத்திலேயே கொல்லிக்கு அடைமொழி பலாதான். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்த ஒன்று மாறவில்லை என்பதில் எனக்கு ஒரு நிறைவு. சுளைகளை வாங்கிக்கொண்டு அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம்.

அங்கேதான் ஆகாய கங்கை. ஐயாறு முந்நூறு அடி போலக் குதித்து, புளியஞ்சோலைப் பக்கமாகச் சமவெளிக்கு இறங்குகிறது. அருவியடிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். என் நோட்டில் 'அருவிக் குளியல்' என்று இருந்தது. அவளுடைய முழங்கால் அதே நோட்டில் வேறொரு பக்கத்தில் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. படிகளின் தலைப்பில் நின்று அவள் எட்டிப் பார்த்தாள். "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். நான் போகவில்லை. கோயிலுக்கருகே ஆற்றங்கரையில் கல்லில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றோம். தண்ணீரில் மீன்கள் கூட்டமாக வந்து போயின.

"அன்னிக்கு அத்தை எனக்கு முன்னால ஏறிப் போனாங்க" என்றாள். 1996 ஆடியில் அம்மாவும் எங்களோடு வந்திருந்தார். கீழே இறங்கி அருவியில் நின்று குளித்து, ஈரச் சேலையோடு ஏறிவந்து, மூச்சுவாங்க நின்ற மருமகளைப் பார்த்து மேலிருந்து சிரித்தாராம். எனக்கு அந்தச் சிரிப்பு நினைவில் இல்லை.

தங்கிய விடுதி பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுடுநீர் வரும் என்றார்கள், வரவில்லை. மின்சாரம் எட்டு மணிக்குப் போயிற்று. ரசமும் சாமைச் சோறும் நன்றாக இருந்தன. பகல் முழுதும் வளைவுகளோடு மல்லாடிய களைப்பில் நான் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

எதற்கோ விழித்தபோது கட்டிலின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கால்களைத் தரையில் ஊன்றி, எழுந்து போகத் தயாராக இருப்பவளைப்போல. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. மணி ரெண்டு."

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரவு பத்து மணிக்கு நான் புரட்டுவேன். காலை ஆறு மணியும் என்னுடையது. இடையில் பன்னிரண்டு, இரண்டு, நான்கு. எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதினால் அது பொய். தெரியும். மூன்று என்று எண்ணிக்கையாகத் தெரியும். எட்டு வருடம் அந்த மூன்றுக்கும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அலுவலகம் போகிறவன் என்று எனக்கொரு சலுகை இருந்தது. ஓய்வு பெற்ற பின்னும் அந்தச் சலுகை எப்படியோ நீடித்தது. ஆனால் அம்மா போய் இத்தனை நாளாகியும் அவள் உடம்பு இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறது என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. வீட்டில் அவள் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவாளாம், என் தூக்கம் கெடாமலிருக்க. இங்கே போக இடமில்லை, ஒரே அறை.

தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மூடுபனியில் எதிரிலிருந்த மிளகுக் கொடி படர்ந்த மரம்கூடத் தெரியவில்லை. என் கம்பளியை அவளுக்குப் போர்த்தினேன். தேடிக் கிடைக்காத போர்வைக்குப் பதிலாகப் புதிதாக வாங்கியது. "ரெண்டு மணிக்குத்தான் அத்தை நல்லாப் பேசுவாங்க" என்றாள். பகலெல்லாம் வாய் குழறும் அம்மா அந்த நேரத்தில் தெளிவாகப் பேசுவாராம். பேளுக்குறிச்சி சந்தை விலை, என் தாத்தாவின் மாட்டு வண்டி, ஆகாய கங்கையில் குளித்தது. என் அம்மாவின் கடைசி எட்டு வருடப் பேச்சு முழுவதும் எனக்குப் பத்தடி தூரத்தில், நான் தூங்கும்போது, நடந்து முடிந்திருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு மணிவரை சொன்னாள்.

நடுவில் பையைப் பற்றிக் கேட்டேன். அம்மாவின் காரியம் முடிந்த பதினேழாம் நாள், இரண்டு சேலையும் ஒரு துண்டும் வைத்துக் கட்டிப் பரணில் போட்டாளாம். எப்படியும் ஒருநாள் காலையில் நான் "கிளம்பு" என்பேன் என்று. அப்படியானால் நான் மூன்று வாரம் நோட்டில் எழுதியது வீண் வேலைதானே என்றேன்.

"அந்த நோட்டைப் பார்த்தனுங்க. தைலம்னு எழுதியிருந்தீங்க. அதான் ஒண்ணும் கேட்காம விட்டுட்டேன்."

மறுநாள் காலை எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போனோம். கொல்லிப்பாவை இவள்தான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. பாவையின் சிரிப்பில் மயங்கியவர்கள் உயிர் பிழைப்பதில்லை என்று ஒரு கதை உண்டு. சங்கப் பாட்டில் அவளுக்கு வேறு இடம். நற்றிணை 201-இல் பரணர், தன் காதலியைக் கொல்லிப்பாவைக்கு ஒப்பிடும் ஒரு தலைவனைப் பேச வைக்கிறார். காற்று, மழை, இடி, நில அதிர்வு எது வந்தாலும் உருக்கெடாத பாவை அது. அதுபோல அவளும் என் நெஞ்சைவிட்டு அகலமாட்டாள் என்கிறான் அவன். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. மனைவியிடம் காதலாகச் சொல்வதற்கென்று மூன்று வாரமாக மனத்தில் வைத்திருந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நற். 201' என்று குறித்தும் வைத்திருந்தேன்.

சன்னிதியில் நின்றபோது சொல்ல வாய் வரவில்லை. பரணரில் பிழையில்லை. பாவையின் அசையாமையைப் புகழ்கிறவன் மலைமேலும் கீழும் போய்வருகிறவன், தோழனோடு பேசிக்கொண்டிருப்பவன். அவன் நெஞ்சை விட்டு அவள் போகமாட்டாள் என்பது அவனுக்கு மகிழ்ச்சி. போகலாமா என்று பாவையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு நல்ல உவமையை இப்படிப் பார்ப்பது கவிதைக்குச் செய்யும் அநியாயம் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். முந்தைய வாரம்வரை நானும் அதையே சொல்லியிருப்பேன். அவள் விபூதியை எடுத்து என் நெற்றியில் இட்டுவிட்டு, "என்னமோ சொல்ல வந்தீங்க" என்றாள். பெட்ரோல் போதுமா என்று பார்க்க வேண்டும் என்றேன்.

இறங்கும்போதும் காரவள்ளி வழிதான். இந்தமுறை எழுபதிலிருந்து எண்கள் குறைந்துகொண்டு வந்தன. நாற்பத்திரண்டில் வாந்தி எடுத்தாள். ஓரமாக நிறுத்தி முதுகைத் தடவிக்கொடுத்தேன். கீழிருந்து ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே ஏறிவந்தது. அது கடந்து போகும்வரை நின்றோம். சன்னலோரத்துக் குழந்தைகள் எங்களைப் பார்த்துக் கையசைத்தன. எலுமிச்சையைக் கடித்தபடி அவளும் கையசைத்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, துவைத்து உலர்ந்த சேலைகளை அந்த ரெக்சின் பையிலேயே மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் என் சட்டை இரண்டை எடுத்துவந்து அதில் வைத்தேன். மடிப்பு சரியில்லை என்று வெளியே எடுத்து, உதறி, மறுபடியும் மடித்து வைத்தாள்.